கறையைக் காட்டாத போன்

அன்பு மகள் ஜோவெலினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் தம்பி ஆர்வினும் சுகமாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் மழை வந்தால் முரண்டு பிடிக்கிறது, அது என்றைக்கு என் பேச்சைக் கேட்டது. நீயும் நீ பார்த்துக்கொள்ளும் இரட்டைப் பிள்ளைகளும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? போனில் பேசாமல் இதென்ன காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லி, "சரிம்மா, அனுப்புறேம்மா, நீ சும்மா இரும்மா" என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். பக்கத்துத் தெரு பிலோமினா விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை ஹாங்காங் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தோடு நீ மல்லுக்கு நிற்க முடியாது. முழுக்கப் படி, அப்புறம் கத்து.

விஷயம் புதுப் போன் விஷயம்தான். போன மாதம் நான் லைவில் பழைய துணி விற்றுக்கொண்டிருக்கும்போது, அந்தப் பச்சைக் கோட்டைத் தூக்கிக் காட்டிய கையோடு என் போன் செத்துப்போனதை நீயும் அங்கிருந்து பார்த்தாய். உடனே ஆர்வின் போனுக்கு அழைத்து, "அந்த டப்பாவத் தூக்கிப் போடும்மா, இந்த வருஷம் வந்த மாடலையே நான் வாங்கி அனுப்புறேன், இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் காண்ட்ராக்ட் போட்டா முதலாளியம்மா முன்பணம் தர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். ஒரு போனுக்காக இரண்டு வருஷமா? இருபத்துமூன்று வயதில் போனவள், நான்கு காண்ட்ராக்ட் முடித்துவிட்டாய். உன்னோடு படித்தவளின் பிள்ளை போன ஞாயிறு மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியது, பூசையில் நான் அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னதிலும் தப்பில்லை. நீ பயன்படுத்திவிட்டு எனக்குக் கொடுத்த அந்தப் போனுக்கு வயது ஆறு தாண்டிவிட்டது. முதுகில் பிளாஸ்திரி, முகத்தில் கீறல், நாற்பது நிமிஷம் ஓடினால் இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதிக்கும். அதைத் தணிக்க நான் குளிர்பெட்டியில் வைத்த சௌசௌ காயில் சாய்த்து வைத்துத்தான் லைவ் நடத்தினேன். நான் அக்கா முறைக்கு மனாங் என்று கூப்பிடும் பக்கத்துக் கடை சாலுத்துக்கு இது ஒன்று போதாதா, "ஏண்டி நியெவெஸ், லைவ் முடிஞ்சதும் அந்தக் காயைச் சூப்புல போட்டுருவியா?" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். போடத்தான் செய்தேன், காய் என்ன பாவம் செய்தது. இரண்டு மாதமாக எப்போதும் பாதி லைவில் போன் அணைந்துவிடும், வாங்க வந்தவர்கள் வேறு கடை லைவுக்குத் தாவிவிடுவார்கள். வியாபாரம் இப்படியே போனால் நீ காண்ட்ராக்ட் போடுவதைத் தடுக்க எனக்கு வாயும் இருக்காது. அதனால் போனை மாற்றுவதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் இருபத்தெட்டாம் தேதி நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

மனாங் சாலுத் வாயாடிதான், ஆனால் கை தாராளம். அவளுடைய மகன் வாங்கிக் கொடுத்த புதுப் போனை, நீ அனுப்புகிறேன் என்றாயே அதே மாடல், ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்குக் கொடுத்து, "ஒரு தடவை நடத்திப் பாரு, பிடிச்சா வாங்கு, பிடிக்கலன்னா திருப்பிக் கொடு, உடைச்சா மட்டும் ஊரை விட்டுப் போயிரு" என்றாள். அடி மகளே, அன்றைக்கு நான் என்னையே பார்த்து மயங்கிவிட்டேன். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, பத்து வயது குறைந்து தெரிந்தேன். துணியெல்லாம் தையல்காரரிடமிருந்து அப்போதுதான் வந்த மாதிரி மினுங்கியது. நான் ஒன்றைத் தூக்குவதற்குள் அது எனக்குத்தான் என்று "மைன்" "மைன்" எழுதிக் கொட்டுகிறார்கள், யார் முதலில் அடித்தார்கள் என்று பார்த்துப் பெயர் எழுத ஆர்வினுக்குக் கை போதவில்லை. அறுபத்திரண்டு உருப்படி. கடை போட்ட நாளாக அப்படி விற்றதில்லை. அன்று கருவாட்டோடு ஒரு முட்டையும் பொரித்துச் சாப்பிட்டோம், நானும் மனசுக்குள், சரி, இந்தப் போன்தான், மகள் அனுப்பினால் அனுப்பட்டும் என்று நினைத்துவிட்டேன். நினைத்தேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை.

புதன்கிழமை வந்தது வினை. பொட்டலம் கிடைத்தவர்கள் ஒவ்வொருவராகச் செய்தி போட ஆரம்பித்தார்கள். கடற்கரைப் பக்கத்து ஊரில் இருக்கும் டீச்சர் தெரெசித்தா, பன்னிரண்டு தடவை என்னிடம் வாங்கியவள், கழுத்துப் பட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒயின் கறை படிந்த கோட்டைப் படமெடுத்து அனுப்பி, "மனாங், நீங்களுமா?" என்று மட்டும் எழுதியிருந்தாள். நீங்களுமா என்ற அந்த ஒரு வார்த்தைக்கு நான் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் எப்படி விற்பேன் என்று உனக்குத் தெரியும். கறையோ ஓட்டையோ இருந்தால் நான் வாயால் வர்ணிப்பதில்லை, வாயால் சொன்னால் நமக்கு வேண்டியபடி குறைத்துச் சொல்லிவிடுவோம். அந்த இடத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோய், ஐந்து எண்ணும்வரை பேசாமல் பிடித்திருப்பேன், கண்ணிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அன்றைக்கும் அந்தக் கோட்டின் கறையை ஐந்து எண்ணிப் பிடித்துத்தான் காட்டினேன். ஆனால் போன் அதைக் காட்டவே இல்லை. என் முகத்துச் சுருக்கத்தைத் துடைத்த மாதிரியே கறையையும் துடைத்துவிட்டு, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது.

பதினொரு உருப்படி திரும்பி வந்தது. எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அதை விடு. நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்லி மன்னிப்புக் கேட்டால்தான் மனசு ஆறும் என்று அடுத்த சனிக்கிழமை என் பழைய போனிலேயே லைவில் உட்கார்ந்தேன். நல்ல நாளிலேயே நாற்பது நிமிஷம் ஓடுவது, அன்றைக்கென்று பார்த்துப் பத்து நிமிஷத்தில், "நான் உங்களிடம் மன்னிப்பு" என்று நான் ஆரம்பித்த இடத்தில், பொட்டென்று அணைந்தது. ஆர்வின் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். "மா, நீ ஓடிப்போயிட்டேன்னு எழுதுறாங்கம்மா" என்றான். ஒருத்தி "மனாங் பார்டர் தாண்டிருப்பாங்க" என்று எழுதினாளாம். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அவன் போனைப் பிடுங்கி, தலைமயிர் கலைந்தபடியே மீதியைச் சொல்லி முடித்தேன். புதுப் போன் பொய் சொல்கிறது, பழைய போன் உண்மை சொல்லத் தொடங்கும்போது வாயை மூடிக்கொள்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் நான் என்ன செய்வேன் சொல்.

ஆர்வின்தான் மனாங் சாலுத்தின் போனைக் குடைந்து பார்த்துவிட்டு வந்து, முகத்தை அழகாக்கிக் காட்டுகிற ஒன்று அதற்குள் தானாகவே வேலை செய்கிறது, அதை அணைத்து வைக்கலாம் என்று சொன்னான். மனாங் சாலுத்துக்கு அது பிடிக்கவில்லை. "அதை எதுக்குடா அணைக்கணும்? அதுக்குத்தானே வாங்கினேன்" என்று அவனைத் துரத்திவிட்டாள். எனக்கு வழி தெரிந்துவிட்டது. நான் ஒரு வெள்ளை ரவிக்கையை எடுத்துப் பையில் வைத்தேன், தேநீர்க் கறை ஒன்று, பூச்சி அரித்த ஓட்டை ஒன்று, பிரிந்த நூல் ஒன்று, மூன்றும் உள்ள ரவிக்கை. அதை எடுத்துக்கொண்டு மலையடியில் இருக்கும் போன் கடைக்குப் போனோம். பையிலிருந்து எடுத்ததும் கடையில் நின்ற பெண், "மேடம், நாங்க பழைய துணி வாங்குறதில்ல" என்றாள். நான் விளக்கம் சொல்லி ஒவ்வொரு போனுக்கும் முன்னால் ரவிக்கையைப் பிடித்து ஐந்து எண்ணினேன். உன் தம்பி எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஹெட்செட் மாட்டியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீ அனுப்புகிறேன் என்ற மாடல், அழகாக்குவதை அணைத்த பிறகும், தேநீர்க் கறையைப் பாதி வெளுத்துத்தான் காட்டியது. "இதுல எல்லாமே அழகாத் தெரியும் மேடம்" என்றாள் அந்தப் பெண். "அழகாத் தெரிய வேண்டாம்மா, உள்ளது உள்ளபடி தெரிஞ்சாப் போதும்" என்றேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போய், போன வருஷம் வந்தது, யாரும் கேட்பதில்லை என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் கறை தெரிந்தது, ஓட்டை தெரிந்தது, பிரிந்த நூல் காற்றில் ஆடுவதுகூடத் தெரிந்தது. வாங்கிவிட்டேன். விலை உன் மாடலில் பாதிகூட இல்லை. என் கடைப் பணம், மகளே, நீ அனுப்பியதில் ஒரு பெசோகூடத் தொடவில்லை. பழையதை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள், உன் படங்களை எல்லாம் ஆர்வின் முன்னமே மாற்றிவிட்டான், பயப்படாதே.

இது நடந்து மூன்று சனிக்கிழமை ஆகிறது. இரண்டு மணி நேரம் ஓடினாலும் புதுசு சூடாவதில்லை. முதல் நாளே ஒருத்தி, "மனாங், உங்க மூஞ்சில சுருக்கம் திரும்பி வந்துடுச்சு, இப்பத்தான் நம்பிக்கையா இருக்கு" என்று எழுதினாள், அத்தனை பேரும் சிரித்தார்கள். டீச்சர் தெரெசித்தா இரண்டு வாரம் எட்டிப் பார்க்கவில்லை, மூன்றாவது வாரம் வந்து ஒரு கம்பளிச் சட்டைக்கு "மைன்" அடித்தாள். எனக்கு அது போதும். அறுபத்திரண்டு விற்பதில்லை, முப்பது நாற்பது விற்கிறது, ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வீட்டுக்கும் ஆர்வினின் கடைசி வருஷத்துக்கும் போதும். உன் தம்பி ஒரு பெண்ணோடு சுற்றுகிறான் போலிருக்கிறது, கேட்டால் படிப்பு விஷயம் என்கிறான், படிப்பு விஷயத்துக்கு யாராவது வாசனைத் தண்ணீர் பூசிக்கொண்டு போவார்களா, நீ அழைக்கும்போது நாசூக்காகக் கேள்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன், இதை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். போன தடவை காண்ட்ராக்ட் போடுவதற்கு முதல்நாள் நீ அழைத்து அழுதாய். "மா, நான் வந்துடட்டுமா?" என்று கேட்டாய். நான், "ஆர்வின் படிப்பு இருக்கே கண்ணு, இன்னும் ஒரு தடவை போட்டுடு" என்றேன். அப்போது ஆர்வினுக்கு உதவித்தொகை கிடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதை உன்னிடம் அடுத்த மாதம்தான் சொன்னேன், அப்போதுதான் தெரிந்த மாதிரி. நீ சந்தோஷப்பட்டாய். நீ பணம் அனுப்பாத ஒரு மாதம் எப்படி இருக்கும் என்று ராத்திரியில் கடைக் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பேன், அந்தப் பயத்தில் உன் இரண்டு வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஊரார் துணியில் இருக்கும் கறையை ஐந்து எண்ணிக் காட்டுகிற நான், பெற்ற மகளிடம் இதை மறைத்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். கோபப்பட்டால் படு, நான் தாங்கிக்கொள்வேன், ஒரு வாரம் பேசாமல் இருந்தாலும் சரி.

எனக்காகக் கையெழுத்துப் போடாதே. போனுக்காகவும் வேண்டாம், ஆர்வினுக்காகவும் வேண்டாம். அந்த ஊரும் வேலையும் உனக்கே பிடித்திருந்தால் போடு, அது உன் விருப்பம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் வந்துடட்டுமா என்று நீ இனி என்னிடம் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்கிறேன், வா. உன் அறையைத் துணி மூட்டை போட்டு வைக்கிற இடமாக ஆக்கிவிட்டேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. இன்று காலை நானும் ஆர்வினும் மூட்டைகளையெல்லாம் மாடிப்படிக்கு அடியில் மாற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, உன் மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறோம்.

முதலாளியம்மாவிடம் முன்பணம் வாங்கியிருந்தால் இருபத்தெட்டுக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடு, மறந்துவிடாதே. இரவில் வெறும் நூடுல்ஸ் தின்று படுக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், பிள்ளைகளுக்கும் என் முத்தம் கொடு.

மெத்தையைத் திருப்பிப் போட எழுந்து போகும்,
உன் அம்மா
நியெவெஸ்