ஊசியின் கோடு

பிப்ரவரி 3, 2025

இரண்டு கோடு. இரண்டாவது வெளிர்தான், ஆனாலும் கோடு கோடுதான். ஊசி போட்டு இரண்டு வாரமாவது பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஏன் என்றும் சொல்லியிருப்பார். என் காதில் ஏறினால்தானே. ராகவனை எழுப்பிக் காட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி ஆறு வருஷம்.

எங்கள் ஆய்வகத்தில் கர்ப்பம் என்று தெரிந்ததும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் கதிரியக்கம் உள்ள அறைக்குள் விடமாட்டார்கள். காலையிலேயே நரசிம்மன் சாரிடம் சொல்லிவிட்டேன். என் உள்வேலை ஜூனியர் பிரதீபாவுக்குப் போனது. மத்தியானத்துக்குள் செக்‌ஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு வெட்கமே இல்லை.

பிப்ரவரி 4

கோடு இன்னும் வெளிறியிருக்கிறது. கிட் சரியில்லை. புதுப்பட்டினத்தில் வேறு கம்பெனி வாங்கி வரச் சொன்னேன்.

பிப்ரவரி 5

அதிலும் அப்படித்தான். செங்கல்பட்டு போய் ரத்தம் கொடுத்தோம். கர்ப்ப ஹார்மோன், ஹெச்.சி.ஜி., 14. ஐந்துக்குள் இருந்தால்தான் இல்லை என்று அர்த்தம், நமக்கு அதற்கு மேல் என்று ராகவன் போனில் படித்துக் காட்டினார். டாக்டர் சிரிக்கவில்லை. முட்டை வெளிவரப் போட்ட ஊசியிலும் இதே ஹார்மோன்தான், அது உடம்பை விட்டுப் போகப் பத்துப் பதினாலு நாள் ஆகும் என்றார்.

“ஒரு நம்பரை வெச்சு சொல்ல முடியாதும்மா. நாளன்னிக்கு மறுபடி பாக்கலாம். குழந்தைன்னா ஏறும், ஊசின்னா இறங்கும்.”

வரும் வழியெல்லாம் ஏறு, ஏறு என்று வயிற்றிடம் கெஞ்சினேன்.

பிப்ரவரி 7

3.

பிப்ரவரி 8

கலைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வரவே இல்லையே.

ஆய்வகத்தில் எதை அளந்தாலும் முதலில் காலிக் குப்பியை அளந்து, அதைக் கழித்த பிறகுதான் மீதியை நம்புவேன். பிரதீபாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே நான். என் வயிற்றில் மட்டும் ஊசியைக் கழிக்கத் தோணலையே, ஏன் ரோகிணி? இல்லாத பிள்ளைக்கு அழலாமா — அழுகை நிக்க மாட்டேங்குதே, என்ன பண்றது?

பிப்ரவரி 10

சாரிடம் போய், இல்லை என்றேன். அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் வெளிவேலையே பாரும்மா என்றார். கேன்டீனில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. பாவம், என்ன பேசுவார்கள்.

மார்ச் 19

டீ வாசனைக்கே பிரதீபா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே போய்க் கேட்டேன். அழுதுவிட்டாள். தெரிந்து ஒரு வாரமாம். சாரிடம் சொன்னால் என் காதுக்கு வந்துவிடுமே என்று சொல்லவில்லையாம். அந்த ஒரு வாரமும் உள்ளே போய் வந்திருக்கிறாள்.

“உங்க மூஞ்சப் பாத்து எப்படிக்கா சொல்றது?”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “என்னைப் பாவம் பாத்துகினு உம் புள்ளைய உள்ள தூக்கிகினு போனியாடி?”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நானே சாரிடம் சொன்னேன். கதிரியக்கத்தை அளக்க அவள் மாட்டியிருக்கும் பேட்ஜில் பயப்படும்படி ஒன்றும் ஏறவில்லை என்று சார் கேட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனிமேல் உள்ளே யார் போவது என்று சார் இழுத்தார்.

“நான் போறேன் சார். எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே.”

மேலங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.