பத்திரத்தில் இல்லாத தண்ணீர்

1893 மே 8, ஜெயமங்கலம்

கிணற்றில் முள் வெட்டிப் போட்டேன் என்று ஊரில் பேசுகிறார்கள். தவறு. மாடு கட்டி இறைக்கும் கமலையின் வடத்தை அவிழ்த்து வரச் சொன்னேன். இனி அங்கே யாரும் இறைக்கக் கூடாது என்றேன். அவ்வளவுதான். நத்தர்ஷாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் போடக் குத்தகைக்கு விட்டது பக்கத்து நிலத்தை, கிணற்றை அல்ல. ‘அந்தம்மா கிணறும் நம்ம கிணறுதான்’ என்று சந்தையில் சொன்னானாம்.

மே 10

தங்கை மகன் லூர்துநாதன் பெரியகுளத்திலிருந்து வந்தான். வக்கீல் குமாஸ்தா. பத்திரத்தை இரண்டு முறை படித்தான்.

“பெரியம்மா, தண்ணிங்கிற சொல்லே இதுல இல்ல. ஆனா வக்கீலய்யா ஒன்னு சொன்னாக. எழுதின நிபந்தனை ஒன்னு, எழுதாமலே அடங்கினது ஒன்னு. கொடிக்காலுக்குன்னு குடுத்தா தண்ணியும் அதுல அடக்கம்னு அவுக வாதாடலாம். அன்னைக்கு நீங்க வாயால ஒன்னும் சொல்லலியே?”

“இல்லை” என்றேன்.

“அப்பப் பயமில்ல. அதே சொல்லுல நில்லுங்க.”

மோர் ஊற்றும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 11

மழைக் குறி இல்லை.

மே 13

கொடி மஞ்சளித்துவிட்டது. நத்தர்ஷாவின் மனைவி சுல்தான் பீவி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாகச் சுமக்கிறாள். என்னைக் கண்டதும் நின்றாள். “இதுகளுக்குப் பத்திரம் படிக்கத் தெரியலம்மா. வாடுதுக.”



மே 14, ஞாயிறு

கோயில் பூசையில் நன்மை என்னும் நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை; பாவத்தோடு வாங்கக் கூடாது.

சிறு வயதில் மடத்தில் கன்னியர் தினமும் ஆத்தும சோதனை எழுதப் பழக்கினார்கள். எழுதுகிறேன். நான்கு ஆண்டுக்கு முன், பத்திரம் எழுதிய அன்று நத்தர்ஷா கேட்டான்: “கிணத்துத் தண்ணிக்கு ஒரு வரி சேத்துக்கலாமாம்மா?”

எனக்குச் சுருக்கென்றது. “கொடிக்கால் போடச் சொல்லிவிட்டுத் தண்ணீர் தரமாட்டேனா? என் வார்த்தைக்கு மேல் உனக்கு எழுத்து வேண்டுமா?” என்றேன். வெட்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டு, கையெழுத்துப் போட்டான்.

அதைக் கேட்ட இன்னொருவர் என் கணவர். அவர் கல்லறையில் இருக்கிறார். அதனால்தானே அந்த ‘இல்லை’ அவ்வளவு சுலபமாக வந்தது? — சீ, என்ன பொம்பள நான்.

மே 15

வேலையாள் ராக்கையா வடத்தைச் சுமக்க, நானும் கிணற்றடிக்குக் கூடப் போனேன். “நான் வார்த்தை கொடுத்தது உண்மை. இறைத்துக்கொள்” என்றேன்.

நத்தர்ஷா மாட்டைப் பூட்டிக்கொண்டே சொன்னான்: “கொடி காயுது, இறைக்கிறேன். நாளைக்கு என்னம்மா? அன்னைக்கு ஒங்க வார்த்தை போதும்னு இருந்தேன். இப்பப் போதாது.”

எழுபது வயதில் இதைக் கேட்டேன். சரியாகத்தான் சொன்னான்.

மே 16

நத்தர்ஷாவுக்கு அனுப்பியதன் நகல்:

“குத்தகை முடியும்வரை கிணற்றுத் தண்ணீர் உமது கொடிக்காலுக்கு உரியது. பத்திரத்தோடு இதைச் சேர்த்து வையும். இதை நான் அன்றே வாயால் சொன்னேன். சொல்லவில்லை என்று லூர்துநாதனிடம் கூறியது பொய். அவனுக்கும் அப்படியே எழுதிவிட்டேன். காய்ந்துபோன ஏழு வரிசைக்கும் நானே பொறுப்பு. அன்று நீர் கேட்க நினைத்து, என் மனம் நோகுமென்று கேட்காமல் விட்ட வரி வேறு ஏதேனும் இருந்தால், தயவுசெய்து எழுத்தில் பதில் தாரும்.

வியாகுலமேரி”