ஒன்பது வீட்டுப் பசு

பழைய விதைக் கிடங்கு,
லாங்செர் கிராமம்.
வியாழன் மாலை.

அன்புள்ள யுடென்னுக்கு,

மாவட்டப் புள்ளியியல் அலுவலரும் உன் கணவனுமாகிய லெக்கி ஜம்ட்ஷோ எழுதுவது. நான் நலம். பெர்த் நகரில் நீயும் மகளும் நலமென நம்புகிறேன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. அதை முதலில் சொல்வதுதான் முறை என்பதை அறிவேன். ஆயினும் சான்றுகளுக்கு முன் முடிவைச் சொன்னால் நீ சிரித்துவிடுவாய் என்பதால் நோக்கத்தை இறுதியில் வைத்திருக்கிறேன். தாண்டிப் போய் அதை முதலில் படிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான். கையில் எவ்வளவு பணம் என்பதை மட்டும் கேட்டு ஒரு வீட்டை ஏழை என்று நாங்கள் முடிவு செய்வதில்லை. பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, அடுப்பில் எரிவது என்ன, கால்நடை உண்டா, சாலைக்கு எவ்வளவு தூரம், சோறு போதாத நாள் உண்டா என்று பலவற்றையும் கேட்டு, ஒவ்வொரு குறைக்கும் ஓர் எடை போட்டுக் கூட்டுகிறோம். குறை மிகுந்த கிராமத்துக்குச் சாலை முதலில் வரும். லாங்செருக்குச் சாலை இல்லை. சென்ற மழைக்காலத்தில் காலொடிந்த ஒருவரை முதுகில் கட்டித்தான் கீழே இறக்கினார்களாம். அவர் வழியிலிருந்த ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தாராம். இந்த ஆண்டு மாவட்டத்தில் ஒரேயொரு சாலைக்குத்தான் அனுமதி. என் அறிக்கை சனிக்கிழமை போய்ச் சேர வேண்டும்.

விதிப்படி ஊர்ப் பிரதிநிதி குங்காவுக்கு முன்னறிவிப்பு அனுப்பிவிட்டே வந்தேன். நேற்று முதல் வீட்டில் கம்பளம் விரித்தார்கள். வெண்ணெய்த் தேநீர், சுடச்சுடச் சிவப்பரிசிச் சோறு, முட்டை பொரித்துப் போட்ட சாராயம் எல்லாம் வந்தன. சோறு போதாத நாள் உண்டா என்று கேட்டேன். வீட்டுக்காரர், நான் கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, குறை என்று ஒன்றுமில்லை என்றார். அவ்வாறே பதிந்தேன். ரைஸ் குக்கர் உண்டு. மூடியின் குமிழ் போனதால் அந்த இடத்தில் புட்டித் தக்கை செருகப்பட்டுள்ளது. பசு உண்டு, இடக் கொம்பு கீழ்நோக்கி வளைந்தது.

இரண்டாம் வீட்டிலும் அவ்வாறே. மூன்றாவதிலும் தக்கை வைத்த குக்கரைக் கண்டபோது, குறைபட்ட குக்கர்களை யாரோ ஒரு வணிகர் இப்பகுதியில் மொத்தமாக விற்றிருக்கிறார் என்று முடிவு செய்தேன். இடக் கொம்பு வளைந்த மாட்டினம் இங்கே பரவலாக உள்ளதென்று கால்நடைத் துறையின் கவனத்துக்குத் தனிக்குறிப்பும் எழுதினேன். நீ இப்போது சிரிக்கிறாய் என்பதை அறிவேன். பொறுமையாகப் படி.

ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் குங்கா என்னைச் சுற்றுவழியாகவே அழைத்துப் போனார். போகும் வழியெல்லாம் ஏதாவதொரு பாறையைக் காட்டி, முன்னொரு காலத்தில் ஒரு மகான் இதன்மேல் அமர்ந்து தியானம் செய்தார் என்பார். நாங்கள் வணங்கி நிற்போம். இத்தனை மகான்கள் உட்கார்ந்து எழுந்த ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஏழாம் வீட்டுக்குப் போகும்போது குங்காவுக்குச் செருப்பு வார் அறுந்தது. யாருக்கும் காத்திராமல் முன்னே நடந்துவிடும் என் வழக்கத்தைப் பற்றி நீ பலமுறை குறை சொல்லியிருக்கிறாய். நேற்றும் அப்படித்தான் நடந்தேன். வளைவில் பசு எதிர்ப்பட்டது. பசுவின் பின்னால் யாங்கே என்னும் பெண்மணி. காலையில் இரண்டாம் வீட்டில் எனக்குச் சோறிட்டவர் அவர்தான். முதுகில் ரைஸ் குக்கரைக் கட்டியிருந்தார். தக்கையைச் சுற்றி ஆவி வந்துகொண்டிருந்தது. மூவரும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம்.

“கொஞ்சம் ஒதுங்குங்க தாஷோ,” என்றார் யாங்கே, என்னைப் பெரிய அதிகாரியாக்கி. “விருந்தாளிக்கு முன்னாடி நாங்க போய்ச் சேரணும்ல.”

இத்தகைய நிலைமைக்குக் கையேட்டில் விதி ஏதுமில்லை. ஒதுங்கி நின்றேன். அவர்கள் போய்ச் சேர்வதற்காக நானே ஒரு பாறையைத் தேடி வணங்கினேன்.

நேற்று மாலை கணக்கைக் கூட்டினேன். லாங்செரின் ஒன்பது வீடுகளில் ஒன்றுகூட ஏழை இல்லை. நாம் குடியிருக்கும் தெருவைவிட இவ்வூர் செழிப்பானது. உபசாரத்தில் குறையேதும் உண்டா என்று கேட்டுக்கொண்டு குங்கா வந்தார். குறையே இல்லாததால் சாலை போய்விட்டது என்று விளக்கினேன். அவர் ஓடிப்போய் எல்லாரையும் கூட்டி வந்தார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று நான் மன்றாடினேன். ஒருவரும் இசையவில்லை.

“வீடு தேடி வந்த ஆளுகிட்ட அரிசி இல்லைன்னு சொல்றதா?” என்றார் யாங்கே. “அப்படிச் சொல்லி வாங்கின ரோட்டுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடக்கிறது?”

ஒன்பது வீட்டில் உண்டவன் பதிலுக்கு ஒரு தேநீராவது தர வேண்டுமல்லவா? இன்று மதியம் அனைவரையும் நான் தங்கியிருக்கும் இந்த விதைக் கிடங்குக்கு அழைத்தேன். முறைப்படி வாயைப் பொத்தி இருமுறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை இசைந்தார்கள். என்னிடம் ஒரு கோப்பைதான் இருந்தது. மற்றவர்களுக்குச் சட்டியிலும், சவரக் குவளையிலும், டார்ச் விளக்கின் மூடியிலும் ஊற்றிக் கொடுத்தேன். தின்னக் கொடுக்க நூடுல்ஸ் இருந்தது. வேறு எதுவும் இல்லை. யாங்கே எழுந்து என் பெட்டியைத் திறந்தார். அதிலும் நூடுல்ஸ் பொட்டலங்களே அடுக்கியிருந்தன.

தாஷோ வீட்டில் யார் சமைப்பது என்று கேட்டார். வெந்நீர் இருந்தால் போதும், சமைக்கத் தேவையில்லை என்றேன். யாரோடு சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். வானொலிச் செய்தியோடு என்றேன். எத்தனை நாளாக என்றார். நீ பெர்த்துக்குப் போனதிலிருந்து என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான விடையளிப்பது என் வழக்கம். அதில் வருந்துவதற்கு ஏதுமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பின்வரிசையில் யாரோ “ஐயோ பாவம்” என்றார்கள்.

அதன்பின் நடந்ததுதான் முக்கியம். எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினார்கள்.

“மனச விட்டுடாதீங்க தாஷோ,” என்றார் யாங்கே. “எங்களுக்கு மட்டும் என்ன வாழுது? பனி போறதுக்குள்ள அரிசி தீர்ந்துடும். அப்புறம் மக்காச்சோளக் குருணைதான். என்ன, நாலு பேரு சேந்து உக்காந்து திங்கிறோம்.”

குருணையும் தீர்ந்தால் காட்டுக் கிழங்கு தோண்டுவதாகவும், தோண்டும்போது பாட்டுப் பாடுவதாகவும் அடுத்தவர் சொன்னார். ஓடையில் பாலம் இல்லாததால் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டதாகவும், அவள் பக்கத்தில் படுத்திருப்பதே ஓர் ஆறுதல் என்றும் இன்னொருவர் சொன்னார். கூரை ஒழுகினாலும் ஒருவர் தலையில் அல்ல, ஆறு பேர் தலையில் ஒழுகுகிறது என்றார் குங்கா. ஒருவரை ஒருவர் மிஞ்சினார்கள். தம் அடுப்படியில் செத்தாலும் சொல்லியிராத குறைகளை என் அடுப்படியில், என்னைத் தேற்றுவதற்காக, கொட்டித் தீர்த்தார்கள். வீட்டுக்காரனுக்குத்தான் குறை இருக்கக் கூடாது. விருந்தாளிக்கு இருக்கலாம் போலும். கோ அங்கியின் மார்பு மடிப்பில் பேனா இருந்தது. நான் எடுக்கவில்லை.

அவர்கள் பேசி முடித்தபின், இவற்றைப் பதிந்துகொள்ள அனுமதி கேட்டேன். முதலில் உங்களை அளந்து காட்டுங்கள் என்றார் யாங்கே. அளந்தேன். படிப்பு, கழிப்பறை, மின்சாரம், சாலை எல்லாம் எனக்கு உண்டு. ஆகவே நான் ஏழை அல்லன் என்று அறிவித்தேன். அப்படியானால் அந்தக் கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றார். யாருடன் உண்கிறோம் என்பது எந்த நாட்டிலும் அளவை அல்ல என்று விளக்கினேன். அவர் ஏற்கவில்லை.

“எழுதிக்கோங்க,” என்றார் கடைசியில். “ஆனா எங்க குறைய நீங்க சர்க்காருக்கு எழுதுற மாதிரி, உங்க குறைய உங்க வீட்டம்மாவுக்கு எழுதணும். இன்னிக்கே எழுதணும். எழுதலைன்னா காலையில மறுபடியும் பசுவ ஓட்டிக்கிட்டு வருவோம்.”

இதுவே இக்கடிதத்தின் நோக்கம். ஞாயிறுதோறும் நீ தொலைபேசியில், ஏதும் குறை உண்டா என்று கேட்கிறாய். இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன். அது விருந்தாளிக்குச் சொல்லும் விடை. இத்தனை நாளும் உனக்குக் கம்பளம் விரித்து, இரவல் பசுவைக் கட்டி வைத்திருந்தேன். அவ்விடையை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். உன் படிப்பைப் பாதியில் விட்டு வரும்படி கேட்கவில்லை. பதிவைத் திருத்துகிறேன், அவ்வளவே.

கேட்டவற்றை வீட்டுக்கு வீடு சரிபார்க்க, நாளை விடியலில் முறையான முன்னறிவிப்பின்றி ஒன்பது வீட்டுக்கும் போவேன். படி தாண்டாதவன் விருந்தாளி அல்லன் என்று யாங்கே தீர்ப்பளித்திருப்பதால் வாசலிலேயே நின்று கேட்பேன். விதியை மீறியவன் நானே என்று கையொப்பமிட்டுச் சனிக்கிழமை அறிக்கையை ஒப்படைப்பேன். கீழே சிக்னல் கிடைத்ததும் இக்கடிதத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்புவேன். மூலப்பிரதி தபாலில் வரும். ஞாயிறன்று நீ கேட்கும்போது, உண்டு என்பேன். அதற்குப் பின் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. ஆகவே உடனே வைத்துவிடாதே. நீங்கள் இருவரும் சாப்பிடும் நேரத்துக்கு அழை. அங்கே இரவு எட்டு என்றால் இங்கே மாலை ஆறு, எனக்குப் பசித்திருக்காது. ஆயினும் வானொலியை அணைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உங்களோடு உட்காருவேன்.

இங்ஙனம்,
லெக்கி ஜம்ட்ஷோ