ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஈடாக

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். என்னை பஃபலோ கூடைப்பந்து அணிக்கு மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு நம் லூயிவில் அணிக்குக் கிடைத்தது ஆள்கூட இல்லை. ஆறு வருடம் கழித்து ஒரு புதுப் பையனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை.

"அவன் இப்ப ஏழாங்கிளாஸ்ல இருப்பான்டா!" என்று என் ஷூக்களை மூட்டை கட்டிக்கொடுத்த ரூஃபஸ் அண்ணன் சிரித்தார்.

"நல்லா படிக்கட்டும்ணே. அவன் வளர்ற வரைக்கும் இவங்கள நான் தூங்க விடமாட்டேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை லூயிவில் அணியோடு அங்கே நம் ஊரில்தான் எங்களுக்கு ஆட்டம். சோளரொட்டி சுட்டு எடுத்து வா. இங்கே தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்கவில்லை. லூயிவில் பெஞ்சுக்குப் பின்னால் உன் வழக்கமான இருக்கையிலேயே உட்கார். என் பெயர் போட்ட அவர்களுடைய பழைய ஜெர்சியையே போட்டுக்கொள். நான் கூடை போடும்போதெல்லாம், முழங்கால் வலித்தாலும், எழுந்து நின்று கைதட்டு. என்னை மாற்றிவிட்ட அந்த மேனேஜர் திரும்பிப் பார்க்கட்டும்.

பஸ் கிளம்புகிறது.

உன் ஆம்ப்ரோஸ்