போனைப் பிடித்திருந்த கை

செவ்வாய்க்கிழமை, ஊரடங்கு.

இன்றைய ரிமாண்ட் விசாரணையும் வீடியோ காலில்தான். ஒதியம்பட்டில் என் வீட்டு மொட்டைமாடியில்தான் சிக்னல் கிடைக்கும். கறுப்புக் கோட்டோடு வெயிலில் நின்றேன். என் கட்சிக்காரர் நல்லவாடு கிராமத்து மீனவர், போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார்.

"அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "இல்லீங்க" என்றவரின் கண் போனுக்கு மேலே போனது. போனைப் பிடித்திருந்ததே ஏட்டுதான்!

"போனை அவர்கிட்ட குடுத்துட்டு ஏட்டு வெளிய போகட்டும். அதுவரைக்கும் வாதாட மாட்டேன்" என்றேன். மாஜிஸ்திரேட் எரிச்சலோடு சம்மதித்தார். கதவு சாத்தியதும் கட்சிக்காரர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். உடனே மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவானது.

சாயங்காலம் ஏட்டு போனில் கூப்பிட்டார். "கொரோனா நேரம் மேடம். வெளிய வந்தா பாத்து வாங்க."

வருவேன்யா. நாளைக்கு ஆஸ்பத்திரியில் அந்த முதுகை டாக்டர் பார்க்கும்போது பக்கத்திலேயே நிற்பேன்.