ஒட்டகவாலுக்குக் கட்டிய கந்தல்

ஏப்ரல் 11
போர்சோக் மாவுருண்டை ஒன்றுக்குள் மிளகாய்த்தூள் வைத்து எண்ணெயில் பொரித்தேன். அக்காவுக்காக வைத்தது அப்பா வாய்க்குள் போனது. இருமிக்கொண்டே அறிவித்தார்: ஞாயிற்றுக்கிழமை ஊர்கூடி வேலையாம். மேல்சரிவில் உள்ள ஒட்டகவால் புதர்களை வேரோடு பிடுங்கப் போகிறார்களாம். முள் ஆட்டுக் கம்பளியைப் பிய்க்கிறது, புல் முளைக்கும் இடத்தை அடைக்கிறது என்கிறார். மேய்ச்சல் குழுத் தலைவர் அவர்தானே.

சாய்கால் அக்கா தட்டைத் தள்ளினாள். "அப்பா, புதர் போனா புல்லும் போயிடும்."

"டீ ஆறுது, குடி" என்றார். அதுதான் பதில்!

ஏப்ரல் 13
கூட்டம். அக்கா புதரடி மண்கட்டியைக் கொண்டுபோய்ப் பிட்டுக் காட்டினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல்.

"இது பூஞ்சை. புல்லோட வேர் எட்டாத இடத்துலேர்ந்தும் தண்ணி, சத்து எல்லாம் இழுத்துட்டு வருது. புதர்தான் இதுக்குச் சோறு போடுது. நிழல் தருது, பனியையும் பிடிச்சு வைக்குது."

கல்மாத் சித்தப்பா எழுந்தார். "ஊர்ல ஒட்டகமே இல்ல. வால் மட்டும் எதுக்கும்மா?"

கூட்டமே சிரித்தது. நல்ல நக்கல்தான், நான் அடித்திருக்க வேண்டியது, அது வேறு வயிற்றெரிச்சல். ஆனால் அப்பாவும் சிரித்தாரே! பெத்த அப்பா! பொண்ணு மண்ணைக் கையில வச்சுட்டு நிக்கிறா, இவருக்குச் சிரிப்பு வருதா?

வரும் வழியில் அக்கா சொன்னாள்: "அந்தச் சரிவும் போச்சுன்னா நான் பிஷ்கெக் டவுனுக்கே போயிடுறேன். என் மண்ணியல் படிப்பு இங்க யாருக்கு வேணும்?"

ஏப்ரல் 15
ஆடு ஓட்டும் சாக்கில் மேலே போனேன். பழைய பாவாடையைக் கிழித்து, கிழக்கு மூலையில் புதருக்குப் புதர் கட்டினேன். கணவாய் தர்காவில் வேண்டுதலுக்குக் கட்டுவார்களே, அதே மாதிரி. விரலெல்லாம் முள். புனிதருக்குப் பெயர் வைக்கத்தான் நேரமில்லை.

ஏப்ரல் 16
ஞாயிறு. கிழக்கு மூலைப் புதர்மேல் கல்மாத் சித்தப்பா கடப்பாரையை ஓங்கினார். பார்த்தார். இறக்கினார். தொழுகை முடித்தவர் போல இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார்.

"இங்க யாரோ பெரியவங்க அடங்கியிருக்காங்க. எங்க தாத்தாவே சொல்லுவாரு."

புளுகு! நேற்றுப் பிறந்த புனிதரை அவர் தாத்தாவுக்கு எப்படித் தெரியும்?

கிழக்கு மூலை தப்பியது. மற்றதெல்லாம் அடுப்புக்குப் போனது. அந்த நெருப்பில் டீ போட்டுக் குடித்தார்கள். நான் குடிக்கவில்லை.

ஜூன் 28
மழையே இல்லை. பிடுங்கிய இடம் முழுக்கப் புழுதி. கந்தல் கட்டிய மூலையில் மட்டும் புல் முழங்காலைத் தொடுகிறது. ஊர்ப் பெண்கள் வரிசையாக ஏறித் துணி கட்டுகிறார்கள். "எல்லாம் புனிதர் கருணை" என்று கல்மாத் சித்தப்பா போர்சோக் பங்கிடுகிறார்.

அநியாயம்! மண்ணுக்குள்ள பூஞ்சை உழைக்குது, பேரு என் கிழிஞ்ச பாவாடைக்கா? பூஞ்சை உடம்பு என்று நோஞ்சானைச் சொல்கிறோம். இது ஒரு மலையையே தூக்கி நிறுத்துகிறது. உண்மையைக் கத்திச் சொல்லலாமா? சொன்னால் கடப்பாரை திரும்ப வரும். வாயை மூடிக்கொண்டேன். நான்! வாயை!

ஜூலை 3
அக்கா பெட்டி கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை பஸ்.

ஜூலை 6
அப்பா தனியாகச் சரிவில் ஏறினார். நான் ஆடுகளுக்குப் பின்னால் இருந்தது தெரியாது அவருக்கு. புழுதியில் ஒரு பிடி அள்ளினார், விரலிடுக்கில் ஒழுகிப் போனது. பிறகு கந்தல் புதரடியில் கத்தியை இறக்கினார். மண் கட்டியாக வந்தது. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கும்பிடுவார் என்று நினைத்தேன். கும்பிடவில்லை.

ஜூலை 7
வாசலில் பெட்டி. அப்பா அந்த மண்கட்டியை மேசைமேல் வைத்தார், ரொட்டிக்குப் பக்கத்திலேயே.

"சாய்கால், பிடுங்கினதைத் திரும்ப நட முடியுமா?"

அக்கா கட்டியைப் பிட்டு உள்ளே பார்த்தாள். "முடியும். இந்த மண்ணையும் சேர்த்து வைக்கணும். இலையுதிர் காலத்துல."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 30
கடுங்குளிர். மேல்சரிவு முழுக்க ஆட்கள், கன்றுகள், குழிகள். கல்மாத் சித்தப்பா மண்வாளியோடு அக்கா முன்னால் நின்றார். முகத்தில் கேலியே இல்லை.

"ஒரு குழிக்கு எவ்வளவு மண்ணும்மா போடணும்?"