எனக்கென்று எடுத்துவைத்த பங்கு

ஸாஹ்லே,
செப்டம்பர் கடைசி ஞாயிறு

என் செல்ல ரோலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம், நீயும் அந்தப் பனி ஊரில் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு, காதை மூடும் தொப்பி போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் என்று நான் சொன்னால் இப்போதெல்லாம் நீ நம்புவதில்லை, அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி, மாண்ட்ரியலுக்குக் கிளம்பும் எதிர்வீட்டு ஜோசியான் கையில் கத்தரிக்காய் ஊறுகாய், அதான் மக்தூஸ், ஜாடியோடு கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் லைன் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிடுவேன். தவிர, என் எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து, நீ பிறந்தது முதல் உன்னைக் கொஞ்சிவந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று வேறு தடை போட்டிருக்கிறாய். பிள்ளைக்கு முன்னால் தான் போய்ச் சேரவேண்டும் என்று வேண்டி, 'நீதான் என்னைப் புதைக்கணும், என் கண்ணே' என்று கொஞ்சாத தாய் இந்த ஊரில் உண்டா? சரி, நீ கேட்டாய், நானும் நிறுத்திவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை மாதம் போட்ட மருந்து நன்றாகவே கேட்டிருக்கிறது. அடுத்து ஒரு பெரிய மருந்து தருவார்கள், அது மஜ்ஜையில் கெட்டதோடு நல்லதையும் சேர்த்து வழித்துவிடுமாம். அதனால் முன்கூட்டியே என் ஸ்டெம் செல்களை என் ரத்தத்திலிருந்தே பிரித்து உறையவைத்து, பிறகு எனக்கே திருப்பி ஏற்றுவார்கள், அதிலிருந்து புது ரத்தம் ஊறும். அதற்கு ஊசி போட்டார்கள், இடுப்பெலும்பெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது, பயப்படாதே, இப்போது விட்டுவிட்டது. பெய்ரூத்துக்கு எங்களை அழைத்துப்போனது நம் தெருவுக்கு ஜெனரேட்டர் கரண்டு கொடுக்கும் அபூ தானி. மலை மேல் மூடுபனியில் உன் அப்பா வண்டி ஓட்டுவதை நான் பார்க்க விரும்பவில்லை. வழி நெடுக அபூ தானி தன் புது ஜெனரேட்டரின் பெருமையைப் பாடிக்கொண்டே வந்தான், இவன் மகள் கல்யாணத்துக்குக்கூட இப்படிப் பூரித்திருக்க மாட்டான்.

ஆஸ்பத்திரியில் பாலிலிருந்து ஆடை எடுப்பது மாதிரி ஒரு இயந்திரம். ரத்தம் ஒரு குழாயில் போய், சுற்றி, வேண்டியதைக் கொடுத்துவிட்டு இன்னொரு குழாயில் எனக்கே திரும்பி வருகிறது. மத்தியானம் வரை அசையாமல் படுத்திருக்கவேண்டும். உதடு மரத்து ஜிவ்வென்றது, நர்ஸ் கால்சியம் கொடுத்தாள். உன் அப்பா பக்கத்து நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியதில், உள்ளே வந்த இன்னொரு நர்ஸ் அவரைப் பார்த்து, "நோயாளி இவரா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் டாக்டர் ஷாதி வந்தார். சின்னப் பையன், ஆனால் பொறுமைசாலி, ஊர்க்காரர்கள் மாதிரியே என்னை உன் பெயரை வைத்து 'உம் ரோலா', ரோலாவின் அம்மா, என்றுதான் கூப்பிடுகிறார். "ஒரு தடவைக்கு வேண்டியது இன்னிக்கே வந்துடுச்சு உம் ரோலா, நாளைக்கும் ஒரு தடவை வந்து படுத்தீங்கன்னா இன்னொரு பங்கு எடுத்து வருஷக்கணக்கா பத்திரமா வச்சிடலாம்" என்றார். நான் முடியாது என்றேன். வீட்டில் ஒரு கோழியை முழுசாக உறையவைத்துப் பார்த்திருக்கிறீர்களா, ராத்திரி கரண்டு போனால் காலையில் பூனைக்குத்தான், இந்த நாட்டில் போய் என் உடம்பையா ஃப்ரீசரில் வைப்பது என்று ஒரு பாட்டம் பொரிந்து தீர்த்தேன். அப்பா தலையாட்டினார், போன கோடையில் கெட்டுப்போன ஆட்டுக்கறி அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அபூ தானி விடவில்லை. கரண்டு என்று காதில் விழுந்ததும் எழுந்து, அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் என்ன கெஞ்சினானோ, கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த அறையைப் பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போய் வந்தான். "உம் ரோலா, அந்தத் தொட்டிக்குக் கரண்டே வேண்டாமாம். நைட்ரஜனை ஊத்திக்கிட்டே இருந்தா உறைஞ்சே கிடக்குமாம். என் தொழிலே வேணாம்னு நிக்குது அந்தச் சனியன்!" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ரோலா. கரண்டு ஒரு சாக்குதான். இரண்டாவது பங்கு எதற்கு என்று எனக்குத் தெரியாதா? நோய் திரும்பி வரும்போது போடுவதற்கு. அதை எடுத்துவைப்பது, வா வா என்று அதற்கு வாசல் திறந்து வைக்கிற மாதிரி எனக்குப் பட்டது. டாக்டரிடம் நேராகவே கேட்டேன், திரும்பி வரும் என்கிறீர்களா என்று. "வரலாம். எப்பன்னு சொல்ல முடியாது, பல வருஷம் வராமலும் இருக்கலாம். வந்தா கையில ஒண்ணு இருக்கட்டும்னுதான் சொல்றேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று பெய்ரூத்திலேயே இருக்கும் உன் ஒடெட் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டோம்.

அங்கே அவள் மேசை கொள்ளாமல் வேகவைத்து உப்பிட்ட குட்டிக் கத்தரிக்காய்களைப் பரப்பி மக்தூஸ் போட்டுக்கொண்டிருந்தாள். வலியோ இல்லையோ, கை சும்மா இருக்குமா, நானும் உட்கார்ந்தேன். வால்நட்டும் பூண்டும் அடைத்துக்கொண்டே என் பயத்தையெல்லாம் கொட்டினேன். ஒடெட் வேலையை நிறுத்தவே இல்லை. "ஏன்டி நஜ்லா, போன வருஷம் இதே மாசம் நீ இருபது ஜாடி போட்டியே, அதனாலதான் குளிர்காலம் வந்துச்சா? நீ போடலைன்னா ஸாஹ்லேல பனி பெய்யாம போயிருக்குமா?" என்றாள். நான் இன்னொரு கத்தரிக்காயை எடுத்து அடைத்தேன். "ஊருக்கெல்லாம் ஜாடி ரொப்பி வைக்கிறவ, தனக்குன்னு ஒண்ணு வைக்கச் சொன்னா மட்டும் அழுவுறா பாரு" என்று சொன்னவள், திடீரென்று எண்ணெய்க் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு தானே அழுதாள். எனக்கு அக்காவும் தங்கையும் அவள் ஒருத்திதான், அவளுக்கும் நான் ஒருத்திதான். நல்ல பிளவுஸ், எண்ணெய்க்கறை இன்னும் போகவில்லை.

மறுநாள் போய்ப் படுத்தேன். இரண்டாவது பங்கும் எடுத்தாகிவிட்டது, பையில் என் பெயரை எழுதி ஒட்டினார்கள். இதில் கொஞ்சம் அப்பாவின் முழங்காலுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன், டாக்டர் சிரித்துவிட்டு, "இது உங்களுக்கு மட்டுந்தான்" என்றார். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் அனுப்ப முடியாத ஒரு பொருளை வாழ்க்கையில் முதல்முறையாக எடுத்துவைத்திருக்கிறேன், கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. திருப்பி ஏற்றும்போது இரண்டு நாள் உடம்பெல்லாம் பூண்டு வாடை அடிக்குமாம், உறையவைக்கச் சேர்க்கும் மருந்தின் வேலை. நம் வீட்டில் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது? அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். முடி கொட்டும், கொஞ்ச நாள் யாரையும் பக்கத்தில் விடமாட்டார்கள், அதனால் விழுந்தடித்து ஓடிவராதே, ஈஸ்டருக்கு வா. வரும்போது, அந்தக் கரீம் என்ற பையனைப் பற்றி நான் கேட்காமலேயே சொல்லிவிடு, எனக்கும் மானம் மரியாதை உண்டு.

கடவுள் உன் வழியெல்லாம் வெளிச்சமாக வைக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் பெருகட்டும். மக்தூஸை எண்ணெய்க்கு மேலே தலை நீட்டவிடாதே, பூசணம் பிடிக்கும். காலி ஜாடியைத் தூக்கிப்போடாமல் கழுவித் திருப்பிக் கொண்டுவா, அடுத்த வருஷம் எனக்கு வேண்டும். அதற்கடுத்த வருஷமும் வேண்டும். இனி உன் தடையையும் நான் கேட்பதாக இல்லை. நீதான் என்னைப் புதைக்கணும், என் கண்ணே, ஆனால் அவசரமே இல்லை.

ஆயிரம் முத்தங்களுடன்
உன் அம்மா
நஜ்லா